பதினோரு நேயர்கள்

“ஒண்ணுல நல்லாத் தெரியுதா, ரெண்டுலயா?” என்று கேட்டபடி, நாற்காலியில் இருக்கும் அம்மாளின் மூக்கில் ஏற்றிய கனத்த சட்டத்திலிருந்து ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்துவிட்டு இன்னொன்றைச் செருகுகிறார், எங்கள் கடையில் கண் பரிசோதிக்கும் அண்ணன். அம்மாள் ரெண்டு என்கிறார். உடனே இரண்டு சில்லுகளையும் முன்பின்னாக மாற்றிப் போட்டு அதே கேள்வியைக் கேட்கிறார். இப்போது அம்மாள் ஒண்ணு என்கிறார். அதாவது, முதலில் நல்லது என்ற அதே சில்லைத்தான் மறுபடியும் சொல்கிறார். “கரெக்ட். நீங்க மாத்திப் பேசலை” என்று திருப்தியாகச் சீட்டில் எழுதிக்கொள்கிறார். கண்ணைக் காட்ட வந்த இடத்தில் நாணயத்தையும் சோதிக்கிறார்களே என்று அம்மாள் என்னை முறைத்துக்கொண்டே வெளியே வருகிறார்.

அறை காலியானதும் அவர் போனை எடுத்து, இயர்போனை மாட்டிக்கொண்டு, அதே கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்ள ஆரம்பிப்பார். பாட்காஸ்ட் கேட்க எந்த ஆப் நல்லது? ஏழு மாதமாக இதுதான் நடந்தது.

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினெட்டு வருஷமாகக் கண் பரிசோதிக்கிறார். நான் முன்னால் பிரேம் விற்பவன். முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் ‘ஒண்ணாரெண்டா’. முகத்துக்கு நேரே அண்ணே. எனக்கும் நாற்பத்துமூன்று ஆகிவிட்டது. ஆனாலும் அவருக்கு நான் தம்பிதான். பேசிக்கொண்டிருக்கும்போதே எதிராளியின் கண்ணாடியைக் கழற்றி, தன் சட்டை நுனியில் துடைத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்ப மாட்டிவிடுவார். முதலாளிக்கும் இது நடந்திருக்கிறது. டீ என்றால் எதிரெதிரே இருக்கும் இரண்டு கடையிலிருந்தும் ஒவ்வொன்று வரவேண்டும். இரண்டையும் மாறி மாறிக் குடித்துவிட்டு, இரண்டிலும் குறை சொல்வார். ஒரு தடவை குடை வாங்கக் கிளம்பினார். மழைக்காலம் முடிந்த பிறகுதான் வாங்கினார்.

அவர் சொன்னதைக் கேட்டு மற்றவர்கள் தெளிவாகப் பார்க்கிறார்கள். அவருக்குத் தனக்கென்று எதையாவது தேர்ந்தெடுக்கச் சொன்னால் கைகால் ஓடாது.

ஆப் விஷயத்தில் அவர் அடுக்கிய புகார்களை நான் சாப்பாட்டு நேரம் முழுவதும் கேட்டிருக்கிறேன். ஒன்றில் முன்னே தள்ளும் பட்டன் முப்பது விநாடி, பின்னே இழுக்கும் பட்டன் பத்து விநாடி. “முப்பதடி முன்னாடி போறவன் பத்தடிதான் திரும்பி வருவேன்னா, எங்க தம்பி போய்ச் சேருவான்?” இன்னொன்று, கேட்டு முடித்ததைத் தானாகவே அழித்துவிடுகிறது. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கலாம், உடைத்துப் போடுவார்களா என்று அன்று முழுக்கப் பொருமினார். வேறொன்று தினமும் நட்சத்திரம் போடச் சொல்லிக் கெஞ்சியது. எல்லாவற்றையும்விட அவருக்கு ஆகாதது, பேச்சின் நடுவே வரும் மௌனத்தை வெட்டிவிடும் ஆப். நேரம் மிச்சமாகுமாம். “அவ மூச்சு விடறதுக்குள்ள அடுத்த வார்த்தை வந்து நிக்குது. சிரிக்கவே விட மாட்டேங்குது” என்றார்.

அவ என்றால் அவர் மனைவி, எங்கள் அண்ணி. பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருள் அலுவலகத்தில் வேலை. பயணிகள் விட்டுப்போன குடை, பல்செட், ஒற்றைச் செருப்பு எல்லாம் அவரிடம்தான் வந்து சேரும். யாராவது தேடி வந்தால் அடையாளம் கேட்டு, சரியாகச் சொன்னால் கொடுப்பார். முகத்தைப் பார்த்தே எது யாருடையது என்று கண்டுபிடித்துவிடுவார் என்று அந்த நிலையத்தில் பேச்சு. ஏழு மாதத்துக்கு முன் அண்ணி ஒரு பாட்காஸ்ட் தொடங்கினார். ‘யாரோடது இது?’ என்று பெயர். வாரத்துக்கு ஒரு பொருள், அது வந்து சேர்ந்த கதை, கடைசியில் ‘வீட்டில் தொலைந்தது’ என்று ஒரு பகுதி. அதில் தொலைப்பவர் எப்போதும் வீட்டுக்காரர்.

செவ்வாய்க்கிழமை அண்ணிக்கு விடுமுறை. அண்ணன் கடைக்குக் கிளம்பியதும் துணி அலமாரிக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஒரு சின்ன பல்பை ஏற்றிக்கொண்டு, அவருடைய கோட்டுக்கும் தன் புடவைகளுக்கும் நடுவே உட்கார்ந்து பேசுவார். துணி இருந்தால் எதிரொலி வராதாம். முதல் வாரமே புருஷனுக்கு ஒரு நிபந்தனை போட்டிருந்தார். ஊர் உலகம் கேட்கலாம், அவர் மட்டும் கேட்கக் கூடாது. தெரிந்த மனுஷர் கேட்கிறார் என்று தெரிந்தால் தனக்கு வாயே வராது, அன்றைக்கே நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

“நான் கேட்கலையே, டெஸ்ட் பண்றேன்” என்பது இவருடைய வாதம். ஆப் நல்லதா கெட்டதா என்று பார்க்க, பழகின குரல் வேண்டுமாம். கண் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே எழுத்து அட்டையைத்தானே காட்டுகிறோம்? அப்படியாக, போனில் இருந்த பதினோரு ஆப்பிலும் மனைவியின் குரலையே போட்டுப் போட்டுப் பார்த்தார். கட்டியவள் பேச்சை வாரத்துக்குப் பதினோரு தடவை ஒழுங்காகக் கேட்ட ஆண்மகன் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

இதற்கிடையில் அண்ணிக்குப் பதினோரு நேயர்கள் சேர்ந்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை கணக்குப் பார்ப்பார். பதினொன்று என்று வரும். அலுவலகத்தில் போய்ச் சொல்வார். ஒவ்வொரு நிகழ்ச்சியையும் “என் பதினோரு பேருக்கும் வணக்கம்” என்றுதான் தொடங்குவார். அண்ணனுக்கு இந்தப் பதினோரு பேர்மேல் பெருமையும் உண்டு, பொறாமையும் உண்டு. அதில் ஒருவர் கண்டிப்பாக லாரி ஓட்டுகிறவர் என்று அவருக்கு ஒரு நினைப்பு. அவர்களுக்குத்தான் அந்தப் பொறுமை இருக்குமாம். இன்னொருவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கலாம். “அதுல ஒருத்தன் ஒரே எபிசோடை மூணு தடவை கேட்டிருக்கான் தம்பி. வேலை வெட்டி இல்லாத பய” என்று ஒரு நாள் என்னிடம் எரிந்து விழுந்தார்.

இதில் கையை விட்டவன் நான்.

வியாபாரம் மந்தமான ஒரு மதியம், இவருடைய ஒண்ணா ரெண்டாவை இவர்மேலேயே பிரயோகித்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. நோயாளி நாற்காலியில் உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னேன். போனை நான் வாங்கிக்கொண்டேன். அண்ணி பேசிய ஒரே வாக்கியத்தை இரண்டு ஆப்பில் அடுத்தடுத்துப் போட்டு, “ஒண்ணா, ரெண்டா?” என்று கேட்டேன். பிறகு முறை மாற்றிப் போட்டேன். ஆச்சரியம், மனுஷர் ஒரு தடவைகூட மாற்றிப் பேசவில்லை. தோற்றதை அங்கேயே அழித்தேன். முக்கால் மணி நேரத்தில் பத்து ஆப் போய் ஒன்று நின்றது. அண்ணியின் மூச்சு, இடைவெளி எதையும் தொடாத ஆப் அது. முடி வெட்டிக்கொண்டு வந்தவர் மாதிரி லேசாக எழுந்தார். மறுநாள் காலை பலகாரம் சாப்பிடும்போது, ஏழு மாதப் பிரச்சினை தீர்ந்தது, பத்தைத் தூக்கி எறிந்தாயிற்று என்று வீட்டிலும் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். எதைக் கேட்பதற்கு என்பதை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை தொங்கிப்போன முகத்தோடு வந்தார். டீ இரண்டும் ஆறிக் கிடந்தன. முந்தின நாள் அண்ணி கணக்குப் பார்த்திருக்கிறார். பதினொன்று இருந்த இடத்தில் ஒன்று. போனை இவரிடம் நீட்டி, எந்த ஆப்பில் எத்தனை பேர் என்ற பட்டியலைக் காட்டியிருக்கிறார். பத்துப் பெயர்களுக்கு எதிரே பூஜ்யம். மிச்சம் இருந்த ஒருவர், நான் விட்டுவைத்த அதே ஆப்பில் கேட்டிருந்தார்.

“லாரிக்காரரும் நான்தான் தம்பி” என்றார். “ஆஸ்பத்திரியில படுத்திருந்தவனும் நான்தான்.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அடுத்து அவர் சொன்னது சிரிக்கிற விஷயமில்லை. அண்ணி அழவில்லையாம், கோபப்படவில்லையாம். ஸ்டூலை அலமாரியிலிருந்து எடுத்துக் கழுவி, சமையலறையில் பழைய இடத்தில் போட்டுவிட்டாராம். வர்ற செவ்வாயோட நிறுத்திடறேங்க, ஒருத்தருக்காகவா புடவைக்குள்ள உட்கார்ந்து வேகணும் என்று கேட்டாராம். அந்த ஒருத்தர் எதிரே உட்கார்ந்து ரொட்டியை மென்றுகொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அப்போதே நின்றுவிடும். சொல்லாவிட்டால் செவ்வாயோடு நின்றுவிடும். பதினெட்டு வருஷத்தில் அவர் இத்தனை கலங்கி நான் பார்த்ததில்லை. என் விரலால் அழித்த பத்தும் எனக்கு நெஞ்சில் உறுத்தின.

பரிகாரமாக, என் போனில் நான் ஒரு ஆப் போட்டுக் கேட்கிறேன் என்றேன். யோசித்துவிட்டு மறுத்தார். புதிதாக ஓர் ஆள் வந்தால் அண்ணி யாரென்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்வாராம். அவருக்குப் பழகினவர்கள்தான் வேண்டுமாம். ஆகவே அன்று இடைவேளையில் அவரே பத்து ஆப்பையும் ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினார். முப்பதும் பத்தும், தட்டை உடைப்பது, நட்சத்திரத்துக்குக் கெஞ்சுவது, எல்லாம் வந்து சேர்ந்தன. மூச்சை வெட்டும் ஆப்பை ஏற்றும்போது மட்டும் முகம் சுளித்தார். பிறகு முந்தின வார நிகழ்ச்சியை எல்லாவற்றிலும் முழுசாகக் கேட்டார். பாதியில் நிறுத்தினால் கணக்கில் சேராது என்று யாரோ சொன்னார்களாம். கண் பார்க்க வருகிறவர்கள் நடுவே வந்துபோனார்கள். வாய் ஒண்ணா ரெண்டா என்று கேட்டது, மனசு எட்டாவது ஆப்பில் இருந்தது. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் பதினொன்று முடிந்தது. காது சிவந்திருந்தது.

செவ்வாய் மதியம் புது நிகழ்ச்சி வந்தது. அண்ணி கணக்கைப் பார்த்தாரா, இது விடைபெறும் நிகழ்ச்சியா, ஒன்றும் தெரியாது. பின்னறைக் கதவைச் சாத்தி, ஒரு இயர்போனைத் தன் காதிலும் இன்னொன்றை என் காதிலும் வைத்தார். முதலில் போட்டது, மௌனத்தைத் தொடாத ஆப்பில்.

“என் பதினோரு பேருக்கும் வணக்கம்” என்று அண்ணி தொடங்கினார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அந்த வாரப் பொருள் ஒரு ஊதுகுழல். அதன் கதை நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் எதுவும் மண்டையில் ஏறவில்லை. பிறகு ‘வீட்டில் தொலைந்தது’ வந்தது.

“போன வாரம் என்கிட்ட பத்துப் பேர் தொலைஞ்சு போனாங்க. பத்துப் பேரும் சேர்ந்தாப்ல திரும்பி வந்துட்டாங்க. எங்க ஆபீஸ்ல இப்படி நடந்ததே இல்லை. தொலைச்சவர் யாருன்னு, காலையில பலகாரம் சாப்பிடறப்பவே எனக்கு அடையாளம் சொல்லிட்டார். எனக்குத்தான் புரியறதுக்கு ரெண்டு மூணு நாள் ஆச்சு.”

அங்கே ஒரு இடைவெளி. அலமாரிக்குள் ஹேங்கர் ஒன்று ஆடும் சத்தம்கூடக் கேட்டது.

“வாய் வராதுன்னு நினைச்சேன். வருது, பரவாயில்லை. இப்ப இருட்டுல உட்கார்ந்து பேசிட்டிருக்கேன், அலமாரி பல்பு போயிடுச்சு. பதினோரு பேர்ல யாராவது ஒருத்தர் வர்ற வழியில வாங்கிட்டு வாங்க. பதினொண்ணு வாங்கிடாதீங்க, ஒண்ணு போதும். வெள்ளையா மஞ்சளான்னு கடையில நின்னுக்கிட்டு யோசிக்க வேண்டாம். மஞ்சள்.”

நான் இயர்போனைக் கழற்றி அவரிடம் கொடுத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். மேஜையில் இருந்த கண் சீட்டு ஒன்றை இழுத்து, வலது கண் என்று அச்சிட்ட கட்டத்தில் ‘பல்பு, மஞ்சள், 1’ என்று எழுதி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு இரண்டாவது ஆப்பைத் திறந்து, நிகழ்ச்சியை முதலிலிருந்து போட்டார்.