அக்கா நின்ற இடம்

வியாழக்கிழமை காலை ஒன்பது பத்து. டாக்டரின் மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில் நான் உட்கார்ந்தேன்.

ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கிறேன். தோலை விளக்கடியில் விரித்து, கீறல், உண்ணிக்கடித் தழும்பு பார்த்து, ஓரத்தில் சாக்பீஸால் தர எண் போட வேண்டும். இப்போதெல்லாம் எண் போட்ட பிறகுதான் நான் எதையுமே பார்க்கவில்லை என்று தெரிகிறது. கண்ணில் கோளாறு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். தனியாக இருப்பவன், வீட்டில் என்னென்ன தவறவிடுகிறேன் என்று சொல்ல ஆள் கிடையாது.

“சின்ன வயசுலேர்ந்தே கவனம் இப்படியா, இல்ல நாப்பத்தெட்டு வயசுல புதுசா மூளை மந்தமாகுதா? அது தெரியணும். கூட வளர்ந்தவங்க யாரையாவது கூட்டிட்டு வாங்க” என்று போன முறை டாக்டர் சொல்லியிருந்தார். புதிதாக வந்ததாக இருந்துவிடக் கூடாது என்பதே என் பயம்.

ஞாயிற்றுக்கிழமை காவேரிப்பாக்கத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். பேசி ஒரு வருடம் இருக்கும்.

“இன்னாடா, உயிரோடதான் இருக்கியா?”

விஷயத்தைச் சொன்னேன். அவள் பேச ஆரம்பித்தாள். அவள் வீட்டுக் குக்கர் விசிலடித்தது. பருப்பா, கறியா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“இன்னா, சரியா?”

“சரிக்கா.”

வியாழக்கிழமை வருகிறாள் என்பது மட்டும் மனதில் நின்றது. திருப்பிக் கேட்க வெட்கமாக இருந்தது.

டாக்டர் இரண்டாவது நாற்காலியைப் பார்த்தபோது என் செல்போன் அடித்தது.

“எங்கடா இருக்க?”

“வேலூர்ல, டாக்டர் ரூம்ல. நீ எங்கக்கா?”

“ராணிப்பேட்டை முத்துக்கடை பஸ் ஸ்டாப்புல. முட்டி வலி, ரெண்டாவது பஸ் ஏற முடியாது, எட்டு மணிக்கு வண்டி எடுத்துனு வான்னு சொன்னேன்ல? சரிக்கான்னியே!”

டாக்டர் சைகை காட்டினார். போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

“சின்ன வயசுல இவரு எப்படிம்மா?” என்று கேட்டார்.

“இப்படியேதான் சார். கிருஷ்ணாயில் வாங்க அனுப்புனா கேனை கடையிலயே வெச்சிட்டு வெறுங்கையோட வருவான். எங்கம்மாவுக்கு தினம் பேஜாரு. என்னை ரோட்ல நிக்க வெக்கறது இவனுக்கு புதுசா இன்னா?”

டாக்டர் எழுதிக்கொண்டார். “புதுசா வந்ததா தெரியலை” என்றார் என்னிடம்.

“அங்கியே இரு அக்கா, தோ வர்றேன்” என்றேன்.

“வேணாம். ஊருக்கு திரும்பிப் போற பஸ் வந்திருச்சு.”

பத்தரை மணிக்கு முத்துக்கடையில் வண்டியை நிறுத்தினேன். நிழற்குடையில் யாரும் இல்லை.