நிக்கலஸ் தளர்த்திய மூன்று ஸ்குரூ

நிக்கலஸ் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். கொச்சிக்கடையில் ஒரு பண்டகசாலையில் வந்திறங்கும் பெட்டிகளை எண்ணிக் குறிப்பது அவன் வேலை. நான் எங்கள் குடும்பத்தின் முதலாவது பட்டதாரி. பௌதிகத்தில் இரண்டாம் வகுப்பில் சித்தியடைந்தவன். இதை முதலில் எழுதக் காரணம், தொண்ணூற்று மூன்றில் என் வயிற்றெரிச்சல் முழுவதும் இதில்தான் தொடங்கியது.

கொட்டாஞ்சேனையில் ஷரீப் நானாவின் ஹாட்வெயார் கடைக்கு மேல்மாடியில் ஸ்லொட் கார் தடம் ஒன்று இருந்தது. பலகையில் வெட்டிய பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு மின்சாரத்தில் ஓடும் கையளவுக் கார்கள். வெள்ளவத்தையில் அறை எடுத்திருந்த நான், வழியில் இரண்டு சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டிறங்கி அடையாள அட்டையைக் காட்டி அங்கே போய்ச் சேர்வேன். எவனுடைய கார் வளைவில் கவிழ்ந்தாலும் கூப்பிடுவது நிக்கலஸைத்தான். "நிக்கலஸ், இங்க ஒருக்கா வாடாப்பா."

ஒரு சனிக்கிழமை நானாவின் சிவப்புக் கார் வளைவுக்கு வளைவு கவிழ்ந்தது.

"நாளைக்கு நுகேகொடை ஆக்கள் போட்டிக்கு வாராங்க. இதச் சரியாக்கிறவர் ஆரோ, அவர்தான் நாளைக்கு இத ஓட்டுற," என்று சொல்லிவிட்டு நானா மத்தியான லுஹர் தொழப் போனார்.

காரை மேசையில் வைத்தேன். ஒரு சில்லு அந்தரத்தில் நின்றது. "பொடி கோணிட்டுது. வெந்நீரில போட்டு நிமித்த வேணும்," என்றேன்.

நிக்கலஸ் பொடியை அடித்தட்டோடு பிணைத்திருந்த மூன்று ஸ்குரூவையும் கழற்றினான். பொடி என்று நாங்கள் சொல்லும் பிளாஸ்ரிக் கூட்டைத் தனியே ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து, விளிம்புக்குக் கீழே பஸ் டிக்கட்டைச் செருகிப் பார்த்தான். எங்கும் நுழையவில்லை. கூடில்லாத அடித்தட்டை வைத்தான். நாலு சில்லும் படிந்தன.

"பொடியில பிழையில்ல சேர். இறுக்கினதுதான் வில்லங்கம். எங்கட ஸ்டோர்ஸிலயும் கயிறு கூட இறுகினா பெட்டி முறுகிக்கொண்டு நிக்கும். அவுத்தா நேராகிரும்."

முறுக்கம் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவன் நான்.

நானா படியேறி வந்தபோது நிக்கலஸ் கை கழுவப் போயிருந்தான்.

"என்ன பீஎஸ்ஸி, கோளாறு வெளங்கிச்சா?"

"ஓம் நானா. பொடியில ஒண்டுமில்ல. ஸ்குரூ கூட இறுகிட்டுது," என்றேன்.

"படிச்ச மனிசன் படிச்ச மனிசன்தான். அப்ப எவ்வளவு தளத்தணும்?"

மேசையில் கிடந்த ஸ்குரூ ஒன்றை எடுத்துப் பார்த்தேன். எனக்குப் பின்னால் நிக்கலஸின் குரல் கேட்டது. "அரைச் சுத்து நானா. பொடி லேசா ஆடணும் எண்டு சேர் சொன்னவர்."

மறுநாள் நான் ஓட்டினேன். கார் ஒருமுறையும் கவிழவில்லை. நுகேகொடைக்காரர் என் கையைக் குலுக்கினார்கள். நிக்கலஸ் வளைவில் குந்தியிருந்து, மற்றவர்களின் கவிழ்ந்த கார்களை எடுத்துப் பள்ளத்தில் வைத்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஒரு துளிப் பொறாமையாவது இருக்காதா என்று தேடினேன். சிவப்புக் கார் கடக்கும்போதெல்லாம் கூடு சரியாக ஆடுகிறதா என்று குனிந்து பார்த்தான், அவ்வளவுதான். அவன்மேல் எனக்கு முன்னெப்போதும் இல்லாத எரிச்சல் வந்தது அன்றைக்குத்தான்.