என் கைக்குத் தெரியாத சூடு

போன மார்கழியில் நடந்தது. திருத்தணி மலைக்குக் கீழே ஒரு முதியோர் இல்லத்தில் வெந்நீர் போட்டு, ஆண்களைக் குளிப்பாட்டும் வேலை எனக்கு. அதற்கு முன் பொதட்டூர்பேட்டையில் இருபது வருஷம் சாயப்பட்டறை. கொதிக்கும் தொட்டியிலிருந்து எடுத்த நூலை வெறுங்கையால் பிழிவோம்.

வெந்நீரில் கையை விட்டுப் பார்ப்பேன். இதமாக இருந்தால் ஊற்றுவேன். சிலர் சுடுகிறது என்பார்கள். வயதானவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று விட்டுவிடுவேன்.

அங்கே ஒரு பெரியவர். பஸ் கண்டக்டராக இருந்தவர். நைனா என்று கூப்பிடுவேன். சர்க்கரை நோய். அன்று குளிர் அதிகம். டப்பில் வெந்நீர் ஊற்றி, பாதத்தை வைக்கச் சொன்னேன்.

"இன்னும் சூடா ஊத்துடா. ஒண்ணுமே தெர்ல" என்றார்.

கை வைத்துப் பார்த்தேன். ஊற்றினேன்.

துடைக்கும்போது பாதம் செக்கச்செவேல் என்றிருந்தது. துண்டோடு தோலும் கொஞ்சம் வந்தது. அவர் ஏதோ பழைய கதை சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

நான் போட்ட சத்தத்தில் இல்லத்து நர்ஸம்மா ஓடிவந்தார். டப்பில் விரலை வைத்து உடனே இழுத்துக்கொண்டார். நானும் வைத்தேன். எனக்கு இதமாகத்தான் இருந்தது. சர்க்கரையால் அவர் காலுக்கு உணர்ச்சி போய்விட்டது, சாயத்தால் உன் கைக்கும் போய்விட்டது என்றார். புண் உள்ளே இறங்கினால் விரல்களை எடுக்கவேண்டி வரும் என்றும் சொன்னார்.

வேலையை விட்டுப் போகிறேன் என்று நைனாவிடம் சொன்னேன்.

"நீ ஓடிட்டா காலு ஆறிடுமாடா? ஆர்ற வரைக்கும் நீதான் கட்டு பிரிக்கணும். பாதி வழில உன்னை எறக்கி விடமாட்டேன்."

இருந்தேன். நர்ஸம்மாவிடம் கற்றுக்கொண்டு தினமும் நானே கட்டுப் பிரித்துக் கட்டினேன். ஒரு நாளும் லீவு போடவில்லை. தெர்மாமீட்டர் ஒன்று வாங்கித் தரச் சொன்னேன். பக்கெட்டில் முதலில் பச்சைத்தண்ணீர், பிறகு வெந்நீர், பிறகு அளவு பார்ப்பேன். குளிக்கிற தண்ணீருக்கே ஜுரம் பார்க்கிறான் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

புண் ஆற இரண்டு மாதம் ஆனது. ஐந்து விரலும் தப்பித்தன.

இப்போது யார் சுடுகிறது என்றாலும் மறுபேச்சு இல்லாமல் தண்ணீர் கலக்கிறேன். நைனாவுக்கு முன்பு அப்படிச் சொன்னவர்களின் பேச்சை நான் கேட்காமல் விட்டது மட்டும் இன்னும் ஆறவில்லை.