என் கணவருக்குக் கிடைத்த என் அம்மாவின் மொழி

என் அம்மா பிலிப்பீன்ஸில் போஹோல் தீவில் பிறந்தவர். மருத்துவமனையில் தாதியாக வேலை பார்க்கச் சிங்கப்பூருக்கு வந்தார். தேக்கா பக்கம் வளர்ந்த தமிழரான என் அப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டார். அதன் பிறகு வீட்டில் தமிழைத் தவிர அவர் வேறெதுவும் பேசி நான் கேட்டதில்லை. 'ழ' மட்டும் இன்றுவரை அவருக்கு வராது. பள்ளியில் அப்பாவின் இனத்தைப் பார்த்து எனக்குத் தமிழைத் தாய்மொழிப் பாடமாகக் கொடுத்தார்கள். தாயின் மொழியில் பத்துவரை எண்ணக்கூட எனக்குத் தெரியாது. நாற்பது வயதுவரை அது எனக்கு ஒரு குறையாகவும் படவில்லை.

அப்பா போன பிறகு அம்மா பொங்கோல் வட்டாரத்தில் எங்கள் வீட்டில் வந்து தங்கினார். ஒருநாள் திடீரென்று, "ஊர்ல என் அக்காவுக்கு வயசாயிடுச்சு. அடுத்த வருஷம் எல்லாரும் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டார். பிலிப்பீன்ஸ் என்றால் தகாலோக் மொழிதான் என்று நினைத்து, அன்றே இணையத்தில் தகாலோக் வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். மூன்று மாதம் ஒரு சனிக்கிழமைகூடத் தவறவில்லை. கடைசி வகுப்பு முடிந்த அன்று, அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போய், மனப்பாடம் செய்துவைத்திருந்த நான்கு வரிகளை ஒப்பித்தேன்.

அம்மா புன்னகைத்தார். "நல்லாத்தான் இருக்கு லா. ஆனா அது மணிலா பாஷை. எங்க ஊர்ல பேசுறது பிசாயா."

அப்போதுதான் வேலையிலிருந்து வந்த என் கணவர் கை கழுவிக்கொண்டே, "நிகாவோன் நா கா, அத்தை?" என்றார்.

சாப்பிட்டாச்சா என்று கேட்டிருக்கிறார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அப்பாவின் மறைவுக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

என் கணவர் திருச்சிக்காரர். ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் பொறியாளர். அவர் குழுவில் பாதிப்பேர் பிசாயா பேசுகிறவர்கள். பத்து வருடம் அவர்களோடு உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டே மொழியைப் பிடித்துவிட்டார். வகுப்பும் இல்லை, நோட்டும் இல்லை. இவ்வளவு நாளாக அதை வீட்டில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலையே" என்றார்.

அன்றிலிருந்து அடுப்படி அவர்கள் இருவருக்கும் சொந்தமாகிவிட்டது. அவர் காய் நறுக்குவார், அம்மா பேசுவார். தமிழில் வார்த்தைகளைத் தேடித் தேடி எடுக்கும் அம்மா அங்கே மழைபோல் கொட்டினார். என் கணவரை 'டோங்' என்று கூப்பிட ஆரம்பித்தார். தம்பி என்பதுபோல ஒரு செல்லச் சொல். பெண்பிள்ளைகளுக்கு அதேபோல் 'டாய்' என்று ஒன்று இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்தேன். அம்மா என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த இரண்டெழுத்துச் சொல்லுக்காக என் வயிறு எரிந்தது.

"எதுக்குச் சிரிக்கிறீங்க?" என்று ஒருநாள் உள்ளே போய்க் கேட்டேன்.

"தமிழ்ல சொன்னா சிரிப்பு வராதும்மா" என்றார் கணவர்.

அன்று நான் செய்த காரியத்தை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. படுக்கப் போகும்போது அவரிடம், "நீங்க பிசாயா பேசுறது அம்மாவுக்குப் பிடிக்கல. கிண்டல் பண்ற மாதிரி இருக்காம். உங்ககிட்ட சொல்லத் தயங்குறாங்க" என்றேன். முழுப் பொய். அவர் முகம் சுருங்கிப்போனது.

மறுநாளிலிருந்து "சாப்பாடு நல்லாருக்கு அத்தை" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அடுப்படி அமைதியானது. முதல் இரண்டு நாள், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சுகமாக இருந்தது.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு காலை தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். அம்மா கையில் பையோடு நின்றபடியே கேட்டார்: "மாப்பிள்ளைக்கு என் மேல கோபமா? நான் ரொம்பப் பேசிட்டேனா?"

மீன்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டே நின்றார். எனக்கு வாங்கத் தோன்றவில்லை. அங்கேயே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் என் குற்றத்தை விட்டுவிட்டு அவரையே கேட்டேன்: "எனக்கு ஏம்மா சொல்லித் தரல?"

அம்மா திட்டவில்லை. ஈரத் தரையிலிருந்து என்னை ஓரமாக இழுத்துப்போனார். "உங்க அப்பாவைக் கட்டினப்ப எல்லாரும் சொன்னாங்க, இவ பிள்ளைய தமிழா வளர்க்க மாட்டான்னு. நான் வளர்த்துக் காட்டினேன்." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "நீயும் அப்பாவும் வேகமா தமிழ் பேசிச் சிரிப்பீங்க. எனக்குப் பாதி புரியாது. என்னன்னு கேட்டா, 'ஒண்ணுமில்லம்மா'ன்னு சொல்லுவ. எனக்கும் எரியும்."

 அன்று மீனை மறந்துவிட்டே வீடு திரும்பினோம்.

கணவரிடமும் ஒப்புக்கொண்டேன். நெடுநேரம் என்னைப் பார்த்தார். "அவ்வளவு பொறாமையா?" என்றார். "ஆமா" என்றேன். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆனால் அம்மாவிடம் அன்றே போய் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது அம்மா எனக்கும் கற்றுத் தருகிறார். பொறுமை இல்லாத வாத்தியார். நான் தடுமாறினால், "அவரைக் கேளு லா" என்று எழுந்து போய்விடுவார். விமானச் சீட்டு எடுத்தாகிவிட்டது. போன வாரம் அம்மா குளித்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா போஹோலிலிருந்து அழைத்தார். நானே எடுத்தேன். சாப்பிட்டாயா என்று கேட்டது புரிந்தது. "வாலா பா" என்றேன், இன்னும் இல்லை என்று. அவ்வளவுதான், அந்தப் பக்கம் பெரியம்மா உற்சாகமாகப் பேச ஆரம்பித்துவிட்டார். பத்தில் ஒரு வார்த்தைதான் பிடிபட்டது. சத்தம் கேட்டுக் கணவர் வந்து, உதவலாமா என்பதுபோல் கையை நீட்டினார். நான் கைப்பேசியோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.