பவளக்கல்லில் கட்டிய பனி நகரம்

எங்கள் வீட்டுக்கு வந்த காமிக்ஸ் புத்தகங்களில் முகமூடி வீரன் யாரைப் பிடித்தான், எப்படிப் பிடித்தான் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அவன் நின்ற இடத்தைத்தான் நான் பார்த்தேன். ஊசிபோல வானத்தில் ஏறும் கோபுரங்கள், கூரை விளிம்பில் குந்தியிருக்கும் கல் பூதங்கள், எரிவாயு விளக்குத் தூண்கள், எல்லாவற்றையும் பாதி விழுங்கிய மூடுபனி. வீரன் இந்தக் காலத்து ஆள்தான். கார் ஓட்டுவான், டெலிபோன் பேசுவான். அவன் ஊர் மட்டும் விக்டோரியா ராணி காலத்து லண்டன் மாதிரியே இருக்கும். ஏன் அப்படி என்று நான் யோசித்ததில்லை. எங்கள் பக்கம் கண்மாய் நிறைந்தால் அதிசயம். அந்தத் தெருக்களோ எப்போதும் நனைந்து கிடந்தன. எனக்கு அது போதும்.

உச்சிப்புளியிலிருந்து உள்ளே தள்ளிய கிராமம் எங்களுடையது. அய்யா நெல்லும் மிளகாயும் போடுவார். வத்தல் மூட்டைகளை ராமநாதபுரத்தில் கமிஷன் கடையில் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பஸ் ஸ்டாண்டுக் கடையில் கயிற்றில் தொங்கும் காமிக்ஸ் ஒன்றை வாங்கி வருவார். எண்பதுகளின் தொடக்கம் அது. அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அவன் படித்து முடித்ததும் புத்தகம் என் கைக்கு வரும். கொஞ்ச நாளில் எங்களுக்கென்று நாங்களே ஒரு வீரனை உண்டாக்கினோம். அண்ணன் ஆளை வரைவான், நான் ஊரை வரைவேன். அதில் எங்களுக்குள் தகராறே வந்ததில்லை. அவன் கட்டடம் போட்டால் சன்னல்கள் சரிந்து விழும். நான் மனிதர்களைப் போட்டால் கம்பு நட்ட மாதிரி நிற்பார்கள்.

பார்க்காத ஊரை வரைவதற்குப் பார்த்த ஊரைத்தான் எடுத்துக்கொள்ள முடிந்தது. எங்களுக்குத் தெரிந்த பனி மார்கழிப் பனி. அது வைக்கோலை நனைக்கும், தெருவை மறைக்காது. அதனால் கருவேல மரத்தை அடுக்கி மண்ணால் மூடிக் கரி சுடுகிற மூட்டங்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தரையோடு படுத்து நகரும் புகையைப் பார்த்து மூடுபனி வரையப் பழகினேன். எரிவாயு விளக்கு எப்படி இருக்கும் என்று தெரியாது. கல்யாண வீட்டு பெட்ரோமாக்ஸைத் தூணில் மாட்டினேன். கல் பூதங்களுக்கு எங்கள் அய்யனார் கோயில் வாசலில் உள்ள பூதத்தின் முகம் வந்துவிட்டது, மீசையோடு.

ஆனால் பெரிய தேவாலயம் மட்டும் எனக்கு வரவில்லை. ஓர் ஆடி அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய்க் குளித்துவிட்டு, அய்யா எங்களைத் தனுஷ்கோடிக்குக் கூட்டிப்போனார். மீன் ஏற்ற வந்த லாரியில் மணலில் குலுங்கிக்கொண்டு போனோம். புயலில் இடிந்த சர்ச் அங்கே நின்றது. கூரை இல்லை. வளைவுகளுக்குள் வானம் தெரிந்தது. நான் சுவரைத் தொட்டேன். தேன்கூட்டைப் போல முழுக்க ஓட்டை. பவளக்கல் என்றார் அய்யா. கடலிலிருந்து எடுத்துக் கட்டியதாம். அன்றிலிருந்து என் நகரத்துச் சுவர்கள் எல்லாம் ஓட்டை ஓட்டையாகத்தான் இருந்தன. அந்தப் புத்தகங்களில் எந்தக் கட்டடத்துக்கும் அப்படிச் சுவர் கிடையாது. காலண்டர் தாள்களின் பின்பக்கம், அண்ணனின் மொக்கைப் பென்சிலால், தெருத் தெருவாக அந்த ஊரைக் கட்டினேன்.

அண்ணன் பள்ளியை முடித்ததும் சென்னையில் ஓர் ஓவியக் கல்லூரிக்கு மனுப் போட்டான். நேர்காணலுக்குக் கிளம்பும்போது என் படங்களையும் பையில் வைத்தான்.

"ஒன் ஊரையும் எடுத்துட்டுப் போறேன்த்தா. அங்கன இருக்க வாத்தியாருங்க பாக்கட்டும். ரெண்டு வருசத்துல நீயும் அங்கனயே வந்துரலாம். அய்யாட்ட நான் பேசுறேன்."

அவனுக்கு இடம் கிடைத்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தான். முடியை வளர்த்திருந்தான், பேச்சு கொஞ்சம் மாறியிருந்தது. நான் தொழுவத்துப் பக்கம் அவனைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன்.

"காமிச்சேன்த்தா," என்றான். "கட்டடம் மட்டும் போடுறவுகளுக்கு அங்கன எடம் இல்லன்னுட்டாங்க. ஆள் போடத் தெரியணுமாம்."

"பழகிக்கிருவேன்ல."

"அய்யாட்டயும் கேட்டுப் பாத்துட்டேன். பொம்பளப் புள்ளய மெட்ராசுக்கு அனுப்பச் சொல்றியாலேன்னு சத்தம் போட்டாரு. நீயும் போய்க் கேட்டு அவரு மனச நோகடிக்காத."

நான் கேட்கவில்லை. பள்ளி முடிந்த அடுத்த வருஷமே ஏர்வாடிக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் என்னைக் கொடுத்தார்கள். கணவர் நல்ல மனிதர். உரக்கடையும் வைத்திருந்தார். பெண் பிறந்தாள். நான் பென்சிலைத் தொடவில்லை. அய்யா என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் கேட்டதற்குப் பதில் சொல்வேன், சோறு போடுவேன், அதற்கு மேல் அவரோடு உட்கார்ந்து பேச மனம் வராது. அவரும் ஏன் என்று கேட்டதில்லை. மகள் புகுந்த வீட்டோடு ஒன்றிவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

அண்ணன் படித்து முடித்து விளம்பரக் கம்பெனிகளில் இருந்து, பிறகு பெங்களூரில் வீடியோ கேமுக்குப் பின்னணிக் காட்சிகள் செய்கிற கம்பெனிக்குப் போனான். வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கே செய்து அனுப்புவார்களாம். கார் வாங்கினான், வீடு கட்டினான். எனக்குப் பெருமைதான். உரக்கடைக்கு வருகிறவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

என் மகள் மதுரையில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு விடுமுறைக்கு லேப்டாப்போடு வந்தாள்.

"அம்மா, மாமா கம்பெனி செஞ்ச கேம் இது. பாரு."

முகமூடி போட்ட வீரன் ஒருவன் கூரை விளிம்பில் நின்றான். கீழே தெரு. மூடுபனி தரையோடு படுத்து நகர்ந்தது. விளக்குத் தூணின் உச்சியில் பெட்ரோமாக்ஸ் எரிந்தது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அந்தப் பெரிய சர்ச்சுப் பக்கம் போ," என்றேன்.

"அங்க சண்டை வரும்மா. செத்துருவேன்."

"செத்தா சாகட்டும். அந்தச் சுவத்துக்கிட்டப் போ."

அவள் வீரனைச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினாள். பின்னாலிருந்து யாரோ அவனை அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சுவரைப் பார்த்தேன். தேன்கூடு மாதிரி ஓட்டை. மேலே மீசை வைத்த பூதம். நான் காலண்டர் தாளில் கட்டிய ஊர் வெளிச்சமும் ஈரமுமாக எழுந்து நின்றது. அதற்குள் ஆள் நடந்தான். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நான் அழுதது சந்தோஷத்தில்தான். உடனே அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணே, நம்ம ஊரப் பாத்தேன்."

"ஞாபகம் வச்சிருக்கியாத்தா?" என்றான். பிறகு மீட்டிங் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டான். வேலை நேரத்தில் கூப்பிட்டுவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஆண்டு நாங்கள் படித்த பள்ளியின் ஆண்டுவிழாவுக்கு அவனைச் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள். நானும் போனேன். அய்யாவை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். மாலை மரியாதை முடிந்து அண்ணன் பேசினான். வெள்ளைத் திரையில் படங்களைக் காட்டினான். முதலில் விளையாட்டின் நகரம். அதற்கடுத்து ஒரு பென்சில் படம். மணிக்கூண்டுத் தெரு. நான் போட்டது. தாளின் ஓரத்தில் காலண்டர் கயிற்றுக்கான ஓட்டைகூட அப்படியே தெரிந்தது.

மைக்கில் அவன் புத்தகத் தமிழில் பேசினான். "இது நான் பத்தாம் வகுப்பு படிக்கும்போது வரைந்தது. என்னோடு இதைப் பகிர்ந்துகொள்ள இந்த ஊரில் யாருமில்லை. தனியாக உட்கார்ந்து இந்த நகரத்தைக் கட்டினேன். தனுஷ்கோடி சர்ச் சுவரை நான் முதன்முதலில் தொட்டபோது..."

பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தச் சுவரை நான் தொட்டபோது அவன் லாரியிலிருந்து இறங்கக்கூட இல்லை. மணல் சுடுகிறது என்று மேலேயே உட்கார்ந்திருந்தான். பேசும்போது ஒருமுறை என் பக்கம் திரும்பினான். முகத்தில் ஒரு தயக்கமும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. பல ஊர்களில், பல மேடைகளில் சொல்லிச் சொல்லி, அவனுக்கே அது அப்படித்தான் நடந்ததாக ஆகிவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அய்யாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போதே சொல்லிவிட்டேன்.

"அந்த ஊரு நான் போட்டதுய்யா."

"தெரியாமயா இருக்கு?" என்றார். "நீதான எந்நேரமும் கரிமூட்டத்துப் பக்கம் போய் ஒக்காந்திருப்ப. இவன் எங்க கட்டடம் போட்டான்?"

"பிறகு எதுக்குய்யா அன்னைக்கு என்னை அனுப்ப மாட்டேன்னீங்க?"

அவர் தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்தார். "எங்க அனுப்ப?"

"மெட்ராசுக்கு. அண்ணன் வந்து கேட்டுச்சுல்ல."

"அவன் எங்க கேட்டான்? ஒனக்கு மேல படிக்கப் பிரியமில்ல, நல்ல எடம் வந்தா முடிச்சிருங்கய்யான்னுல சொன்னான். ஒங்கிட்டப் பேசிட்டுத்தான் சொல்றான்னு நெனச்சேன்." செம்பை ஓரமாகத் தள்ளிவிட்டு அவரே சொன்னார்: "கேட்டிருந்தா அனுப்பியிருப்பேனான்னு தெரியல தாயி. பொய் சொல்லக் கூடாது. ஆனா நீ கேக்கலன்னுதான் நான் இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

படத்தைத் திருடியதைக்கூட நான் ஒருவேளை பொறுத்திருப்பேன். செய்யாத குற்றத்துக்காக அய்யாவை நான் இருபது வருஷத்துக்கு மேல் தள்ளிவைக்கும்படி செய்துவிட்டான். அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மறுநாள் காலையில் அண்ணன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் போய் நின்றேன். சத்தம் போடவில்லை.

"அய்யாட்ட நீ என்ன சொன்னன்னு தெரிஞ்சு போச்சு. ஏன்ணே அப்படிச் செஞ்ச?"

அவன் மறுக்கவில்லை. துணியை மடித்தான், மறுபடி விரித்தான்.

"நேர்காணல்ல என் ஆளுகள யாரும் பாக்கல. ஒன் ஊரத்தான் பாத்தாங்க. நீ போட்டதான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன். அதுலதான் எடம் கெடச்சுச்சு. நீ அங்கன வந்து ஒரு கோடு போட்டிருந்தாத் தெரிஞ்சு போயிருக்கும்ல."

"அதுக்கு என்னைக் கட்டிக் குடுத்தியாக்கும்."

"நீ நல்லாத்தான இருக்க? மாப்ள நல்லவருதான?" என்றான். "அடுத்த கேம்ல ஒன் பேரையும் போடச் சொல்றேன்."

"பேரு வேணாம். என் படங்களக் குடு."

பெங்களூரில் இருப்பதாகவும் அனுப்பி வைப்பதாகவும் சொன்னான். அவன் கிளம்பும்போது அய்யா உள் அறையை விட்டு வெளியே வரவில்லை. அண்ணன் வாசலில் நின்று, "போயிட்டு வாரேன்ய்யா," என்று இரண்டு தடவை குரல் கொடுத்தான். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. பிரித்தால் பளபளப்பான தாளில் அச்சடித்த நகல்கள். காலண்டர் ஓட்டை அச்சாகியிருந்தது. விரலை விட்டால் போகவில்லை. அசல்களை அவன் ஆபீஸ் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாக, அங்கே போய்வந்த என் மகள்தான் சொன்னாள். நான் மறுபடி கேட்கவில்லை.

அய்யாவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். இப்போது சாயங்காலம் இருவரும் பேசுகிறோம். பெரும்பாலும் மழையைப் பற்றி. அண்ணன் பொங்கலுக்கு வந்தால் இலை போட்டுப் பரிமாறுகிறேன். அவனுக்குப் பிடித்த நண்டுக் குழம்பும் வைக்கிறேன். "ஒடம்பு எப்படிருக்கு?" என்பான். "இருக்கு," என்பேன். என் கணவருக்கு விஷயம் தெரியும், ஊருக்குத் தெரியாது.

மகள் பென்சிலும் நல்ல தாளும் வாங்கிக் கொடுத்தாள். உட்கார்ந்து பார்த்தேன். கோடு நடுங்கியது. ஒரு வளைவை முடிப்பதற்குள் மறுபக்கம் சரிந்துவிட்டது, அந்தக் காலத்தில் அண்ணன் போட்டதைப் போலவே. தாளை மடித்து வைத்துவிட்டேன்.

சில நாள் அவளிடம் லேப்டாப்பைத் திறக்கச் சொல்வேன். வீரனை மெதுவாக நடத்தச் சொல்லி ஒவ்வொரு தெருவாகப் பார்ப்பேன். போன வாரம் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சந்து தெரிந்தது. குறுகலான சந்து. கடைசியில் ஒரு குழாயடி, அதில் யாரோ மறந்துவிட்டுப் போன ஈரத்துணி. அது நான் போட்டதில்லை. அண்ணனுக்கும் அப்படி வராது. கம்பெனியில் வேலை பார்க்கும் எந்தப் பிள்ளையோ போட்டிருக்க வேண்டும்.

"நில்லுடி," என்றேன் மகளிடம். அந்தச் சந்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகப் போட்டிருந்தார்கள்.