அதிவேகப் பீரங்கிக்கு ஷா ஆலத்தில் செய்த சேபோ

1. பெட்டியோடு வந்தவர்

பீட்டர் என்ற வெளிநாட்டுப் பொறியாளர், எங்கள் முதலாளி சிவராஜா சாரின் மேசைமேல் ஒரு சிறிய பெட்டியைத் திறந்து வைத்தார். உள்ளே நாங்கள் செய்து அனுப்பிய பிளாஸ்டிக் துண்டுகள் இருந்தன. சில நொறுங்கிப் போயிருந்தன. மற்றவை முழுசாக இருந்தாலும், வெளிச்சத்தில் பிடித்தால் மயிரிழை விரிசல் தெரிந்தது.

அது எண்பதுகளின் கடைசி. ஷா ஆலத்தில், நுட்பமான பாகங்கள் கடையும் பட்டறை ஒன்றில் நான் கியூசி பார்த்தேன். கடைந்து வரும் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, சரியென்றால் கையெழுத்துப் போட்டு அனுப்புவது என் வேலை. ரயில்வே சிக்னல் பகுதியில் இருந்த அப்பா ரிட்டயர் ஆகிவிட்டதால், கிள்ளானிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து நான் பார்த்த அந்த வேலையில்தான் வீடு ஓடியது.

டிராயிங்கில் அந்தப் பாகத்தின் பெயர் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நாங்கள் அதை எழுத்துக்கூட்டி ‘சபோட்’ என்போம். பீட்டர் ‘சேபோ’ என்று சொன்ன பிறகுதான் சரியான உச்சரிப்பே தெரிந்தது. எதற்கு அது என்பதையும் அன்றைக்குத்தான் விளக்கினார்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு பீரங்கி இருந்தது. வெடிமருந்து ஒரு பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் நீண்ட குழாய்க்குள் ஹைட்ரஜன் வாயுவை நசுக்கும். நசுங்கிய வாயு ஒரு மெல்லிய உலோகத் தகட்டைக் கிழித்துக்கொண்டு பாய்ந்து, முன்னால் இருக்கும் குண்டைத் தள்ளும். துப்பாக்கிக் குண்டைவிடப் பல மடங்கு வேகம். பறந்து வரும் ஏவுகணையை நடுவானில் அப்படி அடித்து நிறுத்த முடியுமா என்பதுதான் அவர்களுடைய ஆராய்ச்சி.

குண்டு சின்னது, குழாய் அதைவிட அகலம். அதனால் நான்கு பிளாஸ்டிக் துண்டுகள் சேர்ந்து குண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு குழாய்க்குள் போகும். வெளியே வந்ததும் நான்கும் ஒரே நேரத்தில் விலகிக் குண்டை விட்டுவிட வேண்டும். அந்த நான்கும் சேர்ந்ததுதான் சேபோ.

“விலகவில்லை. குழாய்க்குள்ளேயே உடைகிறது. எங்கள் குழாய் ஒன்று வீணாகிவிட்டது” என்றார் பீட்டர் ஆங்கிலத்தில். “கடைந்தபோதே பிளாஸ்டிக்கில் அழுத்தம் ஏறியிருக்க வேண்டும்.”

சிவராஜா சார் திரும்பி, கதவருகே நின்ற ஆறுமுகம் அண்ணனைப் பார்த்தார். பந்திங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருபவர் அவர். சேபோ எல்லாவற்றையும் கடைந்தது அவர் கைதான்.

“ஆறுமுகம், ஃபீட்டை ஏத்தி, வேகமா கடைஞ்சியா?”

“இல்ல சார். நீங்க குடுத்த ஸ்பீட்லதான் ஓட்டினேன். வெட்டுற டூலும் புதுசு.”

“பின்ன எப்படி கிரேக் வரும்?”

அண்ணன் தலை குனிந்துகொண்டார். பதினைந்து வருட அனுபவசாலி அப்படி நின்றதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. “மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பாக்குறேன் சார்” என்று பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

2. வலது கீழ் மூலை

ஒரே பிளாஸ்டிக் கம்பியிலிருந்து வெட்டிய நான்கு துண்டுகளும் ஒரே செட்டாகப் போக வேண்டும். மாறினால், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ஓரத்துப் பல் பொருந்தாது. கலந்துவிடக் கூடாதென்று ஒவ்வொரு துண்டின் உள்பக்கத்திலும், வலது கீழ் மூலையில், மார்க்கர் பேனாவால் எண் எழுதிவிடுவேன். யாரும் சொல்லிச் செய்ததில்லை, நானாக ஆரம்பித்த பழக்கம். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

பீட்டர் கொண்டுவந்த துண்டுகளில் எண் இல்லை. சுடுவதற்கு முன் அவர்கள் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிடுவார்களாம். லென்ஸுக்குக் கீழே முதல் துண்டை வைத்தேன். விரிசல் வலது கீழ் மூலையில் தொடங்கியிருந்தது. இரண்டாவதிலும் அதே மூலை. மூன்றாவதில் துடைத்தும் போகாத நீலச் சாயல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. வாலைச் சுழித்து நான் எழுதும் ‘2’ அது. விரிசல் அந்தச் சுழியிலிருந்து கிளம்பியிருந்தது.

எண் எங்கே இருந்தது என்று இந்தப் பட்டறையில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. பேசாமல் இருந்தால் பழி அண்ணன் தலையில் விழும். சொன்னால் என் வேலை என்ன ஆகுமோ தெரியாது.

முதலில் உறுதி செய்துகொள்ள நினைத்தேன். ரிஜெக்ட் ஆன துண்டுகளில் ஆறை எடுத்து மூன்றில் எண் எழுதினேன். மூன்றை அப்படியே விட்டேன். எல்லாவற்றையும் ஒரே அளவு வளையும்படி கிளாம்பில் இறுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து பார்த்தபோது, எழுதிய மூன்றிலும் எண்ணைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் ஓடியிருந்தன. எழுதாத மூன்றும் தெளிவாக இருந்தன.

நேரே லேத்துக்குப் போனேன். “அண்ணே, ஒங்க மேல தப்பு இல்ல. என் மார்க்கர் மைதான் பிளாஸ்டிக்க அரிச்சிருக்கு.”

ஆறுமுகம் அண்ணன் மெஷினை நிறுத்தினார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “சும்மா இரு லா, ஸ்டெல்லா. எனக்கு ஏச்சு விழுந்தாச்சு, அதோட போகட்டும். நீ போய்ச் சொன்னா ஒன்ன நிறுத்திருவாங்க.”

“அப்புறம் அடுத்த பேட்ச்சும் உடையுமே அண்ணே. அப்பவும் ஒங்களத்தானே கேப்பாங்க?”

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, “அப்ப வா. நானும் வரேன்” என்றார்.

3. சொன்ன பிறகு

ஆறு துண்டுகளையும் தட்டில் வைத்துச் சிவராஜா சாரிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“எவ்வளவு நாளா எழுதுற?”

“முதல் பேட்ச்லேர்ந்து சார்.”

“எல்லாத்துலயுமா?”

“எல்லாத்துலயும்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவரோ எதிரே இருந்த பீட்டரிடம் ஆங்கிலத்தில், “என் இன்ஸ்பெக்டர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். காரணம் அவளேதான்” என்றார். கோபமா கிண்டலா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பீட்டர் என் மார்க்கரை வாங்கித் தாமே இன்னொரு துண்டில் எழுதி, கிளாம்பில் இறுக்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் எதிரிலேயே கோடுகள் கிளம்பின. அவர் முகம் மாறியது. “நாங்கள் ஸ்பிரிட் போட்டுத் துடைத்ததும் இதைக் கூட்டியிருக்கும். டிராயிங்கில் இதைப் பற்றி ஒரு வரிகூட நாங்கள் எழுதவில்லை. தவறு உங்களுடையது மட்டும் இல்லை” என்றார். பிறகு எழுந்து ஆறுமுகம் அண்ணனிடம் போய்க் கை கொடுத்தார்.

அன்று மாலைக்குள் மூவரும் நானுமாகப் பேசி வழி கண்டோம். துண்டின்மேல் எதையும் எழுதுவதில்லை. நான்கு அறை உள்ள தட்டில் வைத்து, தட்டில்தான் எண் போடுவது. துடைக்க வெறும் சோப்புத் தண்ணீர். கடைந்ததும், அதில் ஏறிய அழுத்தம் தணிய, மின் அடுப்பில் வைத்து மெதுவாகச் சூடேற்றி, மெதுவாக ஆறவிடுவது. இந்த யோசனை அண்ணனுடையது. முன்பு வேலை பார்த்த இடத்தில் அப்படிச் செய்வார்கள் என்றார். அதுவரை அவரை யாரும் கேட்டதில்லை.

என்னை நிறுத்தவில்லை. சிவராஜா சார் மறுநாள் என்னைக் கூப்பிட்டு, “இனிமே புதுசா ஏதாவது பழக்கம் ஆரம்பிக்கிறதா இருந்தா எங்கிட்டச் சொல்லிட்டு ஆரம்பி” என்றார். அவ்வளவுதான்.

4. வந்த படம்

சில மாதம் கழித்து பீட்டரிடமிருந்து கடிதம் வந்தது. உள்ளே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். குழாயை விட்டு வெளியே வந்த நொடியில் எக்ஸ்ரேயால் எடுத்தது. முன்னால் குண்டு, பின்னால் எங்கள் நான்கு துண்டுகளும் சம இடைவெளியில் விலகி நின்றன. ஒன்றிலும் விரிசல் இல்லை.

பட்டறை முழுவதும் மெஷினை நிறுத்திவிட்டு வந்து பார்த்தது. ஆறுமுகம் அண்ணன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். “நல்லா வந்திருக்கு” என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது.

அந்தப் பீரங்கி கடைசியில் எந்த ஏவுகணையையாவது தடுத்ததா என்பது எனக்குத் தெரியாது. நாங்கள் செய்து கொடுத்தது சரியாக வேலை செய்தது; அந்த நிறைவு எனக்கு இப்போதும் உண்டு.

கியூசி வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பாகம் கெட்டுப்போனால் செய்தவனைக் கேட்கும் முன், அதை நீங்கள் எதால் தொட்டீர்கள், எதால் துடைத்தீர்கள், அதன்மேல் என்ன எழுதினீர்கள் என்று பாருங்கள். தவறு உங்களிடம் இருந்தால் போய்ச் சொல்லுங்கள். நான் பயந்துகொண்டேதான் போனேன். ஆனால் சொல்லிவிட்ட நிம்மதியில் அன்று பஸ்ஸில் உட்கார்ந்ததும் தூங்கிப் போய், கிள்ளானில் கண்டக்டர் எழுப்பித்தான் இறங்கினேன்.