நாம்லிங் அடைப்பில் ஜாங்சூ அக்கா

பும்தாங்கிலிருந்து மோங்காருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று எங்கள் பூட்டானில் யாரும் கேட்பதில்லை. எத்தனை மணி நேரம், எங்கே அடைப்பு, எப்போது திறப்பார்கள் என்றுதான் கேட்பார்கள். திம்புவில் ஒரு சுற்றுலா அலுவலகத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துப் பயணத் திட்டம் எழுதுவது என் வேலை.

என் திட்டங்களில், வழியில் தங்கும் ஊரா கிராமத்திலிருந்து வண்டி காலை ஐந்தரைக்கே கிளம்பிவிடும். நாம்லிங் செங்குத்துச் சரிவில் பாறைக்கு வெடி வைக்கிறார்கள், எட்டு மணிக்குச் சாலையை அடைத்துவிடுவார்கள் என்று காரணம் எழுதுவேன். பத்தரைக்கு ஒருமுறை திறப்பார்கள் என்பதை எழுத மாட்டேன். எட்டு மணிக்குத்தான் என் அக்கா வண்டிகளை நிறுத்தும் கொடியோடு அங்கே வந்து நிற்பாள். திம்பு வண்டி எது வந்தாலும் தலையை உள்ளே நீட்டி, "எங்க லெகியத் தெரியுமா?" என்று கேட்பாள். அந்த லெகி நான்தான். என் அலுவலக வண்டி ஒன்றுகூட அவளிடம் மாட்டக் கூடாது என்பதற்காக, எத்தனையோ பேரின் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறேன். அலுவலகத்தில் கேட்டால், அக்கா சாலைத் துறையில் இருக்கிறாள் என்பேன். பொறியாளர் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

அவள் பெயர் ஜாங்சூ வாங்மோ. அப்பாவும் அம்மாவும் ஒரே மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது, எனக்கு ஏழு. என்னை மோங்கார் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டு, நாம்லிங் பக்கத்துச் செங்கோரில் சாலை வேலைக்காரர்களின் தகரக் கொட்டகைக்குக் குடிபோனாள். எழுத்து தெரியாது. ஆனால் மேலே ஒரு கூழாங்கல் உருளும் சத்தத்தை வைத்தே மலை சரியுமா சரியாதா என்று சொல்லிவிடுவாள். வாய் நிறைய வெற்றிலை, ஊரைக் கூட்டும் சிரிப்பு. நான் பரிசு வாங்கிய நாளில் தார் அப்பிய கீரா உடையோடு பள்ளிக்கு வந்து நின்றாள். யாரென்று பையன்கள் கேட்டார்கள். ஊர்க்காரி என்றேன். அன்று பிடித்த புத்தி.

போன சித்திரையில் வழிகாட்டிக்குக் காய்ச்சல் வந்து, ஒரு நார்வேத் தம்பதியை நானே கூட்டிப்போக வேண்டியதாயிற்று. ஏழு மணிக்கு முன்னால் எழுந்திருக்க முடியாது என்று மனைவி இங்கெர் அம்மாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் பாச்சா பலிக்கவில்லை. அடைப்பில் போய் நின்றோம்.

அக்கா ஜன்னலருகே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்லாயிற்று. நான் சட்டென்று செல்போனுக்குள் குனிந்துகொண்டேன். ஒரு நொடிதான்.

"வண்டிய ஓரங்கட்டச் சொல்லுங்க சார்," என்றாள். "திறக்க இன்னும் அரை மணி ஆகும்."

சார். என்னைத் தூக்கி வளர்த்தவள் சொன்னாள்.

இங்கெர் அம்மாள் இறங்கி அவளோடு பேச ஆசைப்பட்டார். அவர் ஆங்கிலத்தில் கேட்பதை நான் எங்கள் பேச்சில் அக்காவிடம் கேட்க வேண்டும். குடும்பம் இருக்கிறதா என்று கேட்டார்.

"உங்களுக்குக் குடும்பம் இருக்கான்னு கேக்கறாங்க," என்றேன். தரையைப் பார்த்துத்தான் கேட்டேன்.

"கல்யாணம் காட்சின்னு எதுவும் இல்ல சார். ஒரு தம்பி இருக்கான், திம்புல. வெள்ளக்காரங்க எங்க சாப்பிடணும், எங்க தூங்கணும், எல்லாம் அவன்தான் எழுதுவான். அவன் எழுதாம ஒரு வண்டி நகராது."

ஓட்டுநர் காடோ சிரித்தான். "உங்க தம்பியும் நம்ம சார் மாதிரிதான் போல, அக்கா. எங்க உசுர வாங்கறதுக்குன்னே எழுதுவாரு."

வண்டிக்கு வண்டி என் பெயரைச் சொல்லிக் கேட்கிறவள், அன்று அந்தப் பெயரை மட்டும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் இங்கெர் அம்மாளிடம் ஆங்கிலத்தில், "இவங்களுக்கு யாரும் இல்லையாம்," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. தம்பி என்ற சொல்லை ஆங்கிலத்தில் சொன்னால்கூட என் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன் போலிருக்கிறது.

இங்கெர் அம்மாளின் கண் கலங்கிவிட்டது. தன் தோளில் கிடந்த கம்பளிச் சால்வையை எடுத்து நீட்டினார். அக்கா கையை நீட்டவில்லை.

"எதுக்கு சார் குடுக்கறாங்க?"

நான் மறுபடி செல்போனை எடுத்தேன். காடோவுக்கு நாலு வார்த்தை ஆங்கிலம் தெரியும். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அவனே சொன்னான்.

"உங்களுக்கு யாரும் இல்லன்னு சார் சொல்லிட்டாரு, அக்கா. அந்தம்மா பாவப்பட்டுக் குடுக்குது."

அக்கா என் பக்கம் திரும்பவில்லை. கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குனிந்து, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"அப்படின்னா வாங்கிக்கலாம்," என்றாள்.